உங்கள் வியாபாரத்துக்கு இன்டர்நெட் போன்: வாங்கும் முன் ஏழு படிகள்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து போகும்போது கடைப் பலகைகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரே பலகையில் மூன்று, நான்கு போன் நம்பர்கள் இருக்கும். ஒன்று முதலாளியுடையது, ஒன்று மகனுடையது, ஒன்று எப்போதோ வேலைக்கு இருந்த ஒருவருடையது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013ல் ராயல் என்ஃபீல்டும் வந்த பிறகு, இந்தச் சாலையில் லேத் பட்டறை, டிராவல்ஸ், கேட்டரிங், கட்டுமானப் பொருள் விற்பனை என்று சிறு வியாபாரங்கள் பெருகிவிட்டன. ஆனால் கஸ்டமர் கூப்பிடுவது கடையை அல்ல, கடையில் இருக்கும் ஏதோ ஒரு ஆளின் கைப்பேசியை. அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் கஸ்டமரும் அவரோடு போய்விடுகிறார்.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுதான் இன்டர்நெட் போன். ஒரே நம்பர், அதைக் கூப்பிட்டால் "விற்பனைக்கு 1, கணக்குப் பிரிவுக்கு 2" என்று ஒரு குரல், பிறகு உரிய ஆளுக்கு இணைப்பு. கம்ப்யூட்டர் வாங்கி பிராட்பேண்ட் போட்டிருக்கும் எவரும் இதை அமைத்துக் கொள்ளலாம். ஆனால் விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு அவசரமாக வாங்கினால், பின்னால் நம்பரே கை நழுவிப் போகும் ஆபத்தும் இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் பேசும் குரலை இன்டர்நெட் போன் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. பொதுவாக ஒரு துண்டு 20 மில்லிசெகண்ட் நீளம். அதாவது ஒரு செகண்டுக்கு 50 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு பாக்கெட்டாக இன்டர்நெட்டில் பயணம் செய்து மறுமுனையில் மீண்டும் குரலாகச் சேர்க்கப்படுகிறது. யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திகளைக் கவனித்துக் கொள்வது 'சிப்' என்ற விதிமுறை.

நம் நாட்டில் இன்டர்நெட் டெலிபோனுக்கு முதன்முதலில் அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரல் 1 அன்று. அப்போது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போன்களுக்கும் மட்டுமே பேசலாம். உள்ளூர் லேண்ட்லைனுக்கோ கைப்பேசிக்கோ பேச முடியாது. அந்தக் கதவு 2018ல்தான் திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற சேவையை அறிவித்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் மூலம் இப்போது இன்டர்நெட் வழியாக எந்த நம்பருக்கும் பேசலாம்.

உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் இன்டர்நெட் போன் பயன்படுத்திக் கொண்டிருக்கலாம். பைபர் இணைப்பின் மோடத்துக்குப் பின்புறம் டெலிபோன் ஒயர் செருகும் ஒரு சிறிய துளை இருக்கும். அதில் வரும் 'லேண்ட்லைன்' பழைய செப்புக் கம்பி லேண்ட்லைன் அல்ல. அதுவும் இன்டர்நெட் முறையில் போகும் குரல்தான்.

வகைகள் மூன்று

1. பைபர் மோடத்தில் வரும் போன்: ஒரு நம்பர், ஒரு போன். செலவு மிகக் குறைவு. மெனு குரல், பல எக்ஸ்டென்ஷன் போன்றவை பொதுவாக இருக்காது.

2. கிளவுட் போன்: எக்ஸ்சேஞ்ச் பெட்டி உங்கள் ஆபீசில் இருக்காது. சேவை தரும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். நீங்கள் பிரவுசரில் லாக்-இன் செய்து மெனு, நேரம், எந்த அழைப்பு யாருக்கு என்று அமைக்கலாம். ஊழியர்கள் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரில் ஹெட்செட் மாட்டியோ ஐ.பி. போனிலோ பேசலாம். ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை.

3. சொந்த ஐ.பி. எக்ஸ்சேஞ்ச்: பெட்டியை நீங்களே வாங்கி ஆபீசில் வைப்பது. இதற்கான இலவச சாஃப்ட்வேர்களில் புகழ்பெற்றது 'ஆஸ்டரிஸ்க்'. 1999ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறிய லினக்ஸ் நிறுவனத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணம் போதாததால் தானே எழுதிய சாஃப்ட்வேர் இது. வதோதராவில் உள்ள மேட்ரிக்ஸ் காம்செக் போன்ற இந்திய நிறுவனங்கள் தயார் நிலையில் உள்ள பெட்டிகளையும் விற்கின்றன. வெளி அழைப்புகளுக்கு உரிமம் பெற்ற டெலிபோன் நிறுவனத்திடம் 'சிப் டிரங்க்' என்ற இணைப்பைத் தனியாக வாங்க வேண்டும்.

எது நமக்கு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கீழே உள்ள ஏழு படிகளை முடித்த பின் விடை தானாக வரும்.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு?

எத்தனை ஊழியர்கள் என்பதை விட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். ஒரு வாரம் மேஜையில் ஒரு தாளை வைத்து, அதிகம் பரபரப்பான நேரத்தில் எத்தனை போன்கள் ஒன்றாக ஓடுகின்றன என்று கோடு போட்டு வாருங்கள். ஒரு உதாரணம்: படப்பையில் ஆபீஸ், மண்ணிவாக்கத்தில் குடோன், மேற்குத் தாம்பரத்தில் விற்பனைக் கவுண்டர், மொத்தம் 8 பேர் உள்ள ஒரு நிறுவனம் என்று வைத்துக் கொள்வோம். அதிகபட்சம் 4 பேர் ஒன்றாகப் பேசுகிறார்கள் என்றால் 4 சேனல் போதுமா? போதாது. "சற்று காத்திருங்கள்" என்ற இசையைக் கேட்டுக் கொண்டிருக்கும் கஸ்டமரும் ஒரு சேனலைப் பிடித்திருப்பார். எனவே 6 சேனல் கேளுங்கள்.

படி 2: உங்கள் இன்டர்நெட் தாங்குமா?

நல்ல தரமான குரலுக்கு 'ஜி.711' என்ற முறை பயன்படுகிறது. இதில் குரல் 64 கிலோபிட். பாக்கெட்டின் மேலுறைகளையும் சேர்த்தால் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட். 6 அழைப்புக்கு 522 கிலோபிட். அதாவது அரை மெகாபிட்டுக்குச் சற்று மேல். 'ஜி.729' என்ற சுருக்கும் முறையில் ஒரு அழைப்புக்கு சுமார் 31 கிலோபிட் போதும். ஆக, இன்றைய பைபர் இணைப்பில் வேகம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை தாமதமும் தொலைந்து போகும் பாக்கெட்டுகளும்தான். ஃபைல் டவுன்லோட் செய்யும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் மீண்டும் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். பேச்சில் அதற்கு நேரம் இல்லை. தொலைந்தது தொலைந்ததுதான். "ஹலோ... விட்டு விட்டுக் கேட்குது" என்பது இதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, கமாண்ட் பிராம்ப்ட் என்பதைத் தேடித் திறங்கள். பிங் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்து, ஒரு இடம் விட்டு 8.8.8.8 என்றும், மீண்டும் இடம் விட்டு கழித்தல் குறியோடு ஆங்கில 'என்' எழுத்தும், மீண்டும் இடம் விட்டு 100 என்றும் கொடுத்து என்டர் தட்டுங்கள். சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். முடிவில் கீழே வரும் வரிகளைப் பாருங்கள்.

* லாஸ்ட் என்ற இடத்தில் 0 இருந்தால் நல்லது. 100க்கு 1க்கு மேல் தொலைந்தால் பேச்சில் வெட்டு விழத் தொடங்கும்.
* ஆவரேஜ் என்பது போய்த் திரும்பும் நேரம். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். எனவே இந்த எண் 300ஐத் தாண்டக் கூடாது. நம் ஊர் பைபரில் இது பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும்.
* மேக்ஸிமம், ஆவரேஜ் இரண்டுக்கும் வித்தியாசம் அடிக்கடி 30க்கு மேல் வந்தால் பாக்கெட்டுகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன என்று அர்த்தம். இதற்கு 'ஜிட்டர்' என்று பெயர்.

காலை 11 மணிக்கு ஒரு முறை, மாலை 7 மணிக்கு ஒரு முறை, சிசிடிவி கேமரா வீடியோவை அப்லோட் செய்து கொண்டிருக்கும்போது ஒரு முறை சோதியுங்கள். மூன்றாவது சோதனையில் மட்டும் மோசமாக இருந்தால் இணைப்பை மாற்ற வேண்டாம். ரவுட்டரின் செட்டிங்கில் 'கியூ.ஓ.எஸ்.' என்ற பகுதிக்குப் போய் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும். சொந்தப் பெட்டி வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தாம்பரம் கவுண்டரில் இருப்பவர் படப்பைப் பெட்டி வழியாக வெளியே பேசினால், அந்த ஒரு அழைப்பு படப்பை இணைப்பை இரண்டு முறை கடக்கும். கணக்கில் இரட்டிப்பாகச் சேருங்கள்.

படி 3: கரண்ட் போனால்?

செப்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அது பேசியது. இன்டர்நெட் போனில் மோடம், ஸ்விட்ச், போன் எல்லாவற்றுக்கும் உங்கள் கரண்ட்தான் வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. மோடம் 12 வாட், ஸ்விட்ச் 10 வாட், நான்கு ஐ.பி. போன்கள் தலா 5 வாட் என்றால் மொத்தம் 42 வாட். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யு.பி.எஸ்.ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-அவர். இழப்பு போக சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். கம்ப்யூட்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் மாட்டினால் சில நிமிடங்கள்தான். இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி, வேறு சுமை இல்லாவிட்டால் ஒரு நாள் தாங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னைப் புறநகரில் கரண்டையும் கைப்பேசி சிக்னலையும் சேர்த்துப் பறித்தன. அது போன்ற நாளில்தான் கஸ்டமரும் சப்ளையரும் உங்களை அதிகம் தேடுவார்கள்.

எனவே விற்பனையாளரிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எங்கள் ஆபீஸ் இன்டர்நெட் முழுவதும் செத்துப் போனால், வரும் அழைப்பு தானாக வேறு கைப்பேசிக்குப் போகுமா? அந்த செட்டிங் எங்கே இருக்கிறது?" செட்டிங் அவர்கள் பக்கம் இருந்தால் சரி. உங்கள் ஆபீஸ் பெட்டிக்குள் இருந்தால் பயன் இல்லை. பெட்டியே அணைந்து கிடக்கும்போது அது எப்படி அழைப்பைத் திருப்பி விடும்? திருப்பி விடும் நம்பர்களையும் இரண்டு வெவ்வேறு நிறுவன சிம்களாக வையுங்கள்.

படி 4: நம்பர் யாருடையது?

பலகை, பில் புத்தகம், டெம்போவின் பக்கவாட்டு, கல்யாணப் பத்திரிகை விளம்பரம் என்று ஆண்டுக் கணக்கில் நீங்கள் பரப்பிய சொத்து அந்த நம்பர். கைப்பேசி நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 044 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பருக்கு அந்த வசதி இல்லை. கிளவுட் நிறுவனம் தரும் நம்பர் பெரும்பாலும் வாடகை நம்பர். வாடகை நின்றால் நம்பரும் போகும். சில நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம்.

சேவையே மூடப்படுவதும் உண்டு. 2003ல் தொடங்கி உலகம் முழுவதும் கொடிகட்டிப் பறந்த ஸ்கைப், 2025 மே 5 அன்று நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால், நேற்று தொடங்கிய கம்பெனியை நம்பி பலகையை மாற்றி எழுதலாமா?

பாதுகாப்பான வழி இது. ஏற்கனவே கஸ்டமருக்குத் தெரிந்த நம்பரை விடாதீர்கள். அதிலிருந்து புதிய கிளவுட் நம்பருக்கு 'கால் ஃபார்வர்டு' போடுங்கள். பலகையில் பழைய நம்பரே இருக்கட்டும். கிளவுட் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் ஃபார்வர்டை மட்டும் மாற்றினால் போதும். ஃபார்வர்டு ஆகும் ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் உண்டா என்பதை உங்கள் பிளானில் பார்த்துக் கொள்ளுங்கள். பழைய நம்பர் ஊழியர் பெயரில் இருந்தால், முதல் வேலையாக அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள்.

படி 5: சட்டம் என்ன சொல்கிறது?

நம்பர் தரும் நிறுவனம் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்றதா, அல்லது உரிமம் பெற்ற நிறுவனத்தின் நம்பரை விற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சான்று, பான், முகவரிச் சான்று கேட்டால் சங்கடப்பட வேண்டாம். எதுவுமே கேட்காமல் நம்பர் தருகிறேன் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டு அழைப்புகளைப் பல சிம் கார்டுகள் மாட்டிய பெட்டி மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றும் 'சிம் பாக்ஸ்' சட்டவிரோதம். "உங்கள் கடை மாடியில் ஒரு பெட்டி வைத்துக் கொள்கிறோம், மாதம் வாடகை தருகிறோம்" என்று யாராவது வந்தால் உடனே மறுத்துவிடுங்கள்.

விளம்பர அழைப்பைச் சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து செய்யக் கூடாது. அதற்கென 140ல் தொடங்கும் வரிசை இருக்கிறது. பதிவும் வேண்டும். கஸ்டமர் கேட்ட விலையைத் திருப்பிச் சொல்ல அழைப்பது வேறு, கேட்காதவருக்கு விளம்பரம் செய்வது வேறு.

படி 6: பூட்டுப் போடுங்கள்

சொந்தப் பெட்டி வைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியோடு வரும் 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் இன்டர்நெட்டில் திறந்து விட்டால், எங்கிருந்தோ ஒருவர் இரவில் நுழைந்து உங்கள் கணக்கில் வெளிநாடுகளுக்குப் பேசித் தள்ளுவார். பில் உங்களுக்கு வரும். செய்ய வேண்டியவை:

* ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான, தனித்தனி பாஸ்வேர்டு. எக்ஸ்டென்ஷன் 101க்கு பாஸ்வேர்டு 101 என்று வைக்காதீர்கள்.
* ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் நிறுவனத்திடமே சொல்லி மூடுங்கள்.
* மாதச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள்.
* சிப் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட்டை எல்லோருக்கும் திறந்து வைக்காமல், சேவை நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள்.

படி 7: மூன்று ஆண்டுச் செலவும் சோதனை ஓட்டமும்

மாத வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். 8 பேர், 36 மாதம் என்றால் 1,44,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 25,920 ரூபாய். மொத்தம் 1,69,920 ரூபாய். இதை ஒரு தாளில் இடது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் சொந்தப் பெட்டி, ஐ.பி. போன்கள், 36 மாத சிப் டிரங்க் வாடகை, பழுது பார்க்க வரும் டெக்னீஷியன் செலவு ஆகியவற்றை எழுதுங்கள். டெக்னீஷியன் தாம்பரத்திலிருந்து எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மழைக்காலத்தில் அது பணத்தை விடப் பெரிய விஷயம்.

பணம் கட்டும் முன் இரண்டு வாரம் சோதனை இணைப்பு கேளுங்கள். பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓடும்போது பேசிப் பாருங்கள். ஆறு பேர் ஒன்றாகக் கூப்பிடுங்கள். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து அழையுங்கள். திருப்பி விட்ட கைப்பேசி அடிக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தோற்றால் வாங்க வேண்டாம்.

ஆக, எதை வாங்குவது?

* மூன்று பேர் வரை, ஒரே இடம்: பைபர் மோட போனும் நிறுவனத்தின் பெயரில் ஒரு கைப்பேசியும் போதும். வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.
* நான்கு முதல் பதினைந்து பேர், பல இடங்கள்: கிளவுட் போன். பழைய நம்பரிலிருந்து ஃபார்வர்டு.
* அதற்கு மேல், ஒரே கட்டடம், கம்ப்யூட்டர் தெரிந்த ஊழியர் ஒருவர் நிரந்தரமாக இருக்கிறார்: சொந்த ஐ.பி. எக்ஸ்சேஞ்சும் சிப் டிரங்கும்.

நம் உதாரண நிறுவனத்துக்கு இரண்டாவது வழியே பொருத்தம் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

சில சந்தேகங்கள்

கேள்வி: வாட்ஸ்அப் காலே இலவசம்தானே, இது எதற்கு?
பதில்: வாட்ஸ்அப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குத்தான் பேச முடியும். லேண்ட்லைனிலிருந்து அழைக்கும் தொழிற்சாலை பர்ச்சேஸ் ஆபீசர் உங்களை அதில் பிடிக்க முடியாது.

கேள்வி: எக்ஸ்சேஞ்சில் 0 அழுத்திக் கைப்பேசி நம்பரைப் போட்டால் லைன் போகவில்லையே?
பதில்: லேண்ட்லைனிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி. வெளி லைனுக்கு ஒரு 0, விதிக்காக இன்னொரு 0. இரண்டாவதைப் பெட்டியே தானாகச் சேர்க்கும்படி 'டயல் பிளானில்' எழுதி வைக்கலாம்.

கேள்வி: அவசர உதவி 112ஐ இதிலிருந்து அழைக்கலாமா?
பதில்: இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கிளவுட் போனில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது சரியாகத் தெரியாமல் போகலாம். ஆபீசில் ஒரு சாதாரணக் கைப்பேசி எப்போதும் சார்ஜோடு இருக்கட்டும்.

கேள்வி: பழைய டெலிபோன் கருவிகளைத் தூக்கி எறிய வேண்டுமா?
பதில்: தேவையில்லை. 'ஏ.டி.ஏ.' என்ற சிறிய அடாப்டரை வாங்கினால் பழைய போனை இன்டர்நெட் இணைப்போடு சேர்த்துவிடலாம்.

இந்த வாரமே முதல் இரண்டு படிகளைத் தொடங்கிவிடுங்கள். தாளில் கோடு போடுவதற்கும் பிங் சோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை. அந்த இரண்டு தாள்களும் கையில் இருந்தால், எந்த விற்பனையாளர் வந்தாலும் கேள்வி கேட்பவர் நீங்களாக இருப்பீர்கள்.